மேலே இடமில்லாத மலை

கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 டிகிரி செல்சியஸ். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் காற்று சராசரியாக ஆறரை டிகிரி குளிர்கிறது. இலங்கையின் நடுமலையில் 2,100 மீட்டருக்கு மேல் விரிந்திருக்கும் ஹோட்டன் சமவெளிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 13 டிகிரியும் சொச்சமும் வரும். அங்கே பதிவாகும் ஆண்டுச் சராசரியும் 13 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. தாளில் போட்ட கணக்கு நிலத்திலும் இவ்வளவு ஒத்துப்போவது எப்போதும் வாய்ப்பதில்லை.

இந்த ஒரு கழித்தல் கணக்கோடு பூங்காவுக்குள் நடந்தால், வழியில் தென்படுகிற பலவற்றுக்குக் காரணம் பிடிபட்டுவிடும். மரங்கள் ஏன் குட்டையாக நிற்கின்றன, பள்ளங்களில் ஏன் புல் மட்டும் வளர்கிறது, ஓணான் ஏன் முட்டையிடாமல் குட்டி போடுகிறது, பள்ளத்தாக்கை ஏன் பத்து மணிக்குள் மேகம் மூடிவிடுகிறது என்று கேட்டுக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றின் பின்னாலும் உயரமும் குளிரும் ஈரமும் நிற்கும். அந்த நடையைத்தான் இந்த அத்தியாயத்தில் நடக்கப்போகிறோம். முடியும் இடத்தில் அதே கணக்கைத் திருப்பியும் போடவேண்டி வரும்.

தேயிலை நின்றுபோகும் இடம்

கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் ரயில் நானுஓயாவைக் கடந்து பட்டிப்பொலவில் நிற்கும். 1,891 மீட்டர் உயரத்திலுள்ள இந்த நிலையம்தான் இலங்கை ரயில் நிலையங்களில் உயரமானது. அடுத்த நிலையம் ஓஹிய. இரண்டுக்கும் இடையே, 1,898 மீட்டரில், பாதை தன் உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கும். இந்த இரு ஊர்களிலிருந்தும் பூங்காவுக்குச் சாலை ஏறுகிறது. பெரும்பாலானவர்கள் நுவரெலியாவில் தங்கி, இருட்டோடு கிளம்பி, அம்பேவல வழியாக வேனில் வந்து சேர்கிறார்கள்.

வழி நெடுகத் தேயிலை. அதை உழைப்பால் உண்டாக்கிய மலையகத் தமிழரின் லயன் வீடுகள், கோயில்கள், சவுக்கு மரங்கள், மரக்கறித் தோட்டங்கள். மேட்டின் விளிம்பை நெருங்கும்போது இவையெல்லாம் ஓரிடத்தில் நின்றுபோய்க் காடு தொடங்குகிறது. இந்த எல்லையை மனிதர்கள் முடிவு செய்தார்கள். காப்பிக்காக மலைகள் மொட்டையடிக்கப்பட்ட காலத்தில், 1873இல், கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜோசப் டால்டன் ஹூக்கர் 5,000 அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளைத் தொடாமல் விடும்படி ஆலோசனை சொன்னார். அரசும் அதற்கேற்ப ஆணை பிறப்பித்தது. தோட்டங்கள் விழுங்காமல் இந்த மேடு தப்பியதில் அந்த ஆணைக்குப் பெரும் பங்கு உண்டு.

சிங்களத்தில் இதற்கு மகா எலிய என்று பெயர். 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த ராபர்ட் வில்மட் ஹோட்டனின் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேய அதிகாரிகள் 1834இல் இதைக் ‘கண்டுபிடித்ததாக’ எழுதிவைத்தார்கள். அவர்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே இங்கு நடமாடிய கற்கால மனிதர்களின் கருவிகள் இதே மண்ணில் கிடைத்திருக்கின்றன. 1969இல் வனவிலங்குச் சரணாலயம், 1988இல் தேசியப் பூங்கா, 2010இல் நடுமலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமை. பரப்பு 3,160 ஹெக்டேர். தேசியப் பூங்காக்களில் இது சிறியதுதான். என்றாலும் மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் போகிறது. மகாவலி வடகிழக்கே திருகோணமலை வரை போய்க் கடலில் விழுகிறது. களனி கொழும்பின் குடிநீராகிறது. வளவை தெற்கின் வறண்ட வயல்களுக்குப் பாய்கிறது.

புல்லும் காடும்

நுழைவாயிலில் பை சோதனை நடக்கும். பாலித்தீன் உறைகளை அங்கேயே கழற்றி வாங்கிக்கொள்வார்கள். அதைத் தாண்டினால் 9.5 கிலோமீட்டர் நீளமுள்ள வட்டப்பாதை. அது முதலில் திறந்த புல்வெளிக்குள் இறங்குகிறது.

ஐந்து நிமிடம் நின்று சுற்றிலும் பாருங்கள். பள்ளங்களில் புல், சரிவுகளிலும் மேடுகளிலும் காடு. இரண்டுக்கும் நடுவே புதர்க்காடு என்று சொல்லத்தக்க இடைநிலை பெரும்பாலும் இல்லை. பத்தடி எடுத்துவைத்தால் புல்லிலிருந்து நேரே காட்டுக்குள் போய்விடலாம். நீலகிரியிலும் மூணாற்றிலும் சோலைக்காடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி உடனே பழகியதாகத் தோன்றும்.

இந்த அமைப்பைக் குளிரைக் கொண்டு ஓரளவு விளக்கலாம். சனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் தெளிந்திருக்கும். மேகப் போர்வை இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை விண்வெளிக்கு வேகமாக இழக்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. மேட்டில் நிற்பவருக்கு வெறும் குளிராக இருக்கிற அதே இரவில், பள்ளத்தில் உறைபனி விழுந்து விடியும்போது புல் நுனிகள் வெளுத்திருக்கும். மரக்கன்றின் வளரும் மொட்டு தண்டின் நுனியில் இருப்பதால் ஓர் உறைபனி இரவு போதும், கன்று கருகிவிடும். புல்லின் வளர்முனையோ மண்ணோடு மண்ணாக அடியில் பதுங்கியிருக்கிறது. நுனி கருகினாலும் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். பள்ளத்து மண்ணில் நீர் தேங்குவதும் மரங்களுக்கு ஒத்துவராது.

குளிர் மட்டுமே காரணமா என்பதில் நீண்ட விவாதம் இருக்கிறது. தீயும் இதே வேலையைச் செய்யும். கன்றை எரிக்கும், புல்லை விட்டுவைக்கும். இங்குள்ள சதுப்புப் படிவுகளில் புதைந்துகிடந்த மகரந்தத் துகள்களைக் கொண்டு கடந்த 24,000 ஆண்டுகளின் தட்பவெப்ப வரலாற்றை மீட்டெடுத்த ஆய்வு ஒன்று 2003இல் வெளிவந்தது. பனியூழியின் உச்சத்தில் பருவமழை தளர்ந்து மேடு வறண்டிருந்ததையும், பின்னர் மழை வலுத்துக் காடு பரவியதையும் அது காட்டியது. மனிதர் வைத்த தீயும் மேய்ச்சலும் மிகத் தொன்மையானவை என்றும் அதன் ஆசிரியர்கள் வாதிட்டார்கள். ஆக, இயற்கை வரைந்த கோட்டை மனிதர் மேலும் அழுத்தி வரைந்திருக்கக்கூடும்.

காட்டுக்குள் கால் வைத்ததும் வெளிச்சம் குன்றுகிறது. இலங்கையின் தாழ்நில மழைக்காட்டில் மரங்கள் 40 மீட்டரை எட்டும். இங்கே அதில் பாதியை எட்டுவதே அரிது. கிளைகள் முறுக்கேறி, உச்சி குடைபோல் தட்டையாக, இலைகள் சிறுத்துத் தடித்திருக்கும். குளிரில் இலை மட்கி உரமாக நெடுங்காலம் பிடிக்கிறது. அதனால் மண்ணில் கரிமச்சத்து நிறைந்திருந்தும் மரத்துக்குக் கிடைக்கும் ஊட்டம் குறைவு. பாதி நாள் மேகம் வெளிச்சத்தைத் தடுக்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் இலைகளிலிருந்து நீர் ஆவியாவதும் மந்தம். வளர்ச்சிக்கு வேண்டிய எல்லாமே இங்கு மெதுவாக நடக்கின்றன. மணிக்கட்டுப் பருமன் உள்ள ஒரு மரம்கூட நம்மைவிட வயதில் மூத்ததாக இருக்கலாம்.

மரத்தடியில் இடுப்பளவு புதராக நெருங்கி நிற்பது நெலு. நம் குறிஞ்சியின் உறவு. நீலகிரியில் மலையையே நீலமாக்கும் நீலக்குறிஞ்சி புல்வெளியில் வளரும். இங்குள்ள நெலு இனங்கள் காட்டின் நிழலில் வாழ்கின்றன. வளரும் இடம் வேறென்றாலும் உத்தி ஒன்றுதான். ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றாகப் பூத்து, ஒன்றாக விதைத்து, ஒன்றாக மடிவது. 2013இல் அப்படிப் பூத்தபோது காடே நிறம் மாறியது. ஆண்டுதோறும் கொஞ்சம் விதைத்தால் காட்டுக்கோழியும் எலியும் மிச்சமின்றித் தின்றுவிடும். பத்துப் பன்னிரண்டு ஆண்டு பொறுத்துக் கொட்டித் தீர்த்தால், தின்பவர்கள் தின்று தெவிட்டிய பிறகும் முளைக்க விதை மிஞ்சும்.

பத்து மணி மேகம்

பாதையில் முதலில் வருவது சின்ன உலக முடிவு. அதற்கு அப்பால் உலக முடிவு. மேடு அங்கே திடீரென்று அறுந்து, ஏறத்தாழ 870 மீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாக விழுகிறது. அடியில் தேயிலைத் தோட்டங்கள், அவற்றுக்கு அப்பால் தாழ்நிலக் காடுகள், குளங்கள். தெளிந்த காலையில் தெற்குக் கடற்கரை வரை பார்வை ஓடும். ‘ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், பத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது’ என்று வேன் ஓட்டுநர்கள் எல்லோரும் சொல்வார்கள். அனுபவத்தில் வந்த இந்த விதிக்குப் பின்னால் கச்சிதமான இயற்பியல் இருக்கிறது.

சூரியன் ஏறியதும் பள்ளத்தாக்கின் சரிவு சூடாகிறது. அதை ஒட்டிய காற்று லேசாகி மலைச்சுவரைப் பற்றிக்கொண்டு மேலெழுகிறது. மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் எழும் காற்று விரிகிறது. விரியும் காற்று குளிரும். சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நீராவி படியாத வரையில் இப்படி எழும் காற்று ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ பத்து டிகிரி குளிர்கிறது. முதலில் சொன்ன ஆறரை டிகிரி, அசையாமல் நிற்கும் வளிமண்டலத்தின் சராசரி. இது ஏறிக்கொண்டிருக்கும் காற்றுக்கு நேரும் குளிர்ச்சி என்பதால் அதிகம். 870 மீட்டர் ஏறுவதற்குள் எட்டரை டிகிரி போய்விடும். ஈரமான பள்ளத்தாக்குக் காற்றில் நீராவி துளியாகப் படிய இந்த அளவு குளிர்ச்சி பல நாட்களில் போதுமானது. பள்ளத்தாக்கின் காற்று பள்ளத்தாக்கிலேயே மேகமாகாமல், சரியாக நாம் நிற்கும் விளிம்பை எட்டும்போது மேகமாவது இதனால்தான். காட்சிமேடையில் நின்றபடியே மேகம் பிறப்பதைப் பார்க்கக்கூடிய இடம் இது.

படம் எடுக்க வந்தவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம். காட்டுக்கோ அதுதான் சாப்பாட்டு வேளை. மிதந்துவரும் மேகத்துளிகள் மழைத்துளியைப்போல் விழமாட்டா. கிடையாகக் காற்றோடு போய்க்கொண்டிருக்கும். எதன் மீதாவது மோதினால்தான் அவை நீராகும். மோதுவதற்கான பரப்பை இந்தக் காடு ஏராளமாக விரித்துவைத்திருக்கிறது. இலைகள், தண்டைப் போர்த்திய பாசி, கிளைகளிலிருந்து தாடியாகத் தொங்கும் லைக்கன், ஆர்க்கிட் வேர்கள் எல்லாம் துளிகளைப் பிடித்துச் சேர்த்துச் சொட்டவிடுகின்றன. வெட்டவெளியில் வைத்த மழைமானியில் ஒன்றும் விழாத நாளிலும் மரத்தடி நனைந்திருக்கும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டரையும் தாண்டும் மழைக்கு மேல் வரும் வரவு இது. மழை ஓயும் சனவரி முதல் மார்ச் வரையான மாதங்களில் ஓடைகள் வற்றாமல் இருக்க இதுவும் கைகொடுக்கிறது. காட்டை வெட்டினால் மேகம் அப்போதும் வரும். பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லாததால் நீராகாமல் கடந்துபோய்விடும்.

நடப்பவர்களுக்கும் உயரம் தன் கணக்கைக் காட்டும். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 78 விழுக்காடு அளவுதான். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கினால் வயதையோ உடம்பையோ குறைசொல்ல வேண்டாம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் காற்றும் மெலிந்திருப்பதால், குளிர்கிறதே என்று தொப்பி போடாமல் நடப்பவர்களின் முகம் மாலையில் எரியும்.

குளிருக்கு ஏற்ற உடல்

விலங்கு பார்க்க வருபவர்களுக்கும் ஒரு நேர அட்டவணை உண்டு. விடியலில் மரைகள். பனி விலகும்போது பறவைகள். வெயில் ஏறிய பிறகு ஓணான்கள். உலக முடிவை மேகம் மூடிவிட்டதே என்று கூட்டம் விறுவிறுவென்று திரும்பும் வேளையில்தான், வேலிக்கம்பங்களிலும் புதர் நுனிகளிலும் இந்த மலையின் அரிய உயிர்கள் வெயில் காய வந்து உட்காரும்.

ஊர்வனவற்றுக்கு உடல்வெப்பம் வெளியிலிருந்து வரவேண்டும். 13 டிகிரிச் சராசரியில் அது பெரும்பாடு. முட்டைக்கு நிலைமை இன்னும் மோசம். குளிர்ந்த மண்ணில் வைத்த முட்டைக்குள் கரு மிக மெதுவாகத்தான் வளரும், வளராமலும் போகலாம். இதற்கு இங்குள்ள குட்டை ஓணான் ஒன்று கண்ட வழி, முட்டையைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்வது. தாய் வெயில் இருக்கும் இடம் தேடி நகரும்போது கருவும் சேர்ந்து சூடு பெறுகிறது. வெளியே வரும்போது குட்டியாகவே வருகிறது. கொஃபோட்டிஸ் சைலானிக்கா என்பது இதன் அறிவியல் பெயர். பாசி படர்ந்த கிளையோடு கிளையாக, வாலால் பற்றிக்கொண்டு, ஓடுவதற்கு எந்த அவசரமும் காட்டாமல் உட்கார்ந்திருக்கும்.

அதன் அண்டை வீட்டார் காண்டாமிருகக் கொம்பு ஓணான். மூக்கு நுனியில் கூரிய வெண்ணிறக் கொம்போடு இருக்கும் ஆணைப் பார்த்தால் மறக்கமுடியாது. கொம்பு ஓணான்களின் இந்தப் பேரினம் உலகில் இலங்கையில் மட்டுமே உண்டு. கறுத்த உதடுகளும் பச்சை உடலும் கொண்ட மலை ஓணானை, ஆங்கிலேயர் கொண்டுவந்து இப்போது களையாகப் பரவிவிட்ட கோர்ஸ் முட்புதர்களில் அடிக்கடி காணலாம். அயல் செடி உள்ளூர் உயிருக்கு முள்வேலியாகவும் உதவுகிறது. களை பிடுங்கும் திட்டம் போடுகிறவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

தவளைகள் வேறொரு வழியில் போயிருக்கின்றன. இங்குள்ள புதர்த்தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஈரமண்ணில் இட்ட முட்டைக்குள்ளேயே எல்லா வளர்ச்சியும் முடிந்து, விரல் நகத்தைவிடச் சிறிய முழுத் தவளையாக வெளியே வருகிறது. குட்டையும் குளமும் வேண்டியதில்லை. மேகம் தரும் ஈரம் போதும். அந்த ஈரம் ஒரு வாரம் தவறினால் முட்டை காய்ந்துபோகும் என்பது இந்த ஏற்பாட்டின் மறுபக்கம்.

பாலூட்டிகள் குளிரைத் தாங்கத் தடித்த மயிரை வளர்த்துக்கொண்டன. தாழ்நிலத்திலும் இருக்கும் ஊதாமுக மந்தியின் மலைவடிவம் உடலெங்கும் அடர்ந்த மயிரோடு இருப்பதால் அதைக் கரடிக்குரங்கு என்றே அழைத்தார்கள். தேவாங்கின் மலைவடிவமும் அப்படித்தான். தாழ்நில உறவைவிடக் கைகால் குட்டை, மயிர் நீளம். வெப்பம் வெளியேறும் பரப்பு குறையவேண்டும் என்பதற்கு ஏற்ற உடல். 1937க்குப் பிறகு இதைக் கண்டவர்கள் மிகச் சிலர். அழிந்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். 2002இல் ஒரு முறை கண்ணில் பட்டது. லண்டன் விலங்கியல் கழகமும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் சார்ந்த ஆய்வாளர்கள் இரவிரவாகக் காட்டில் தேடி எடுத்த முதல் ஒளிப்படங்கள் 2010இல் வெளியாயின. பகலில் இந்தப் பாதையில் நடந்துபோகும் நம் யாருக்கும் அது தென்படாது. தலைக்கு மேலே ஏதோ ஒரு கிளையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கலாம் என்று தெரிந்துகொண்டு நடக்கலாம்.

பறவை பார்ப்பவர்கள் காட்டோரம் ஓரிடத்தில் அசையாமல் நிற்பது நல்லது. இங்கே சிறு பறவைகள் பல இனமாகக் கலந்து ஒரு கூட்டமாக இரை தேடும். பத்து நிமிடம் ஒன்றும் இருக்காது. பிறகு இலங்கை வெள்ளைக்கண்ணியும் மஞ்சள்காதுச் சின்னானும் மங்கல்நீல ஈப்பிடிப்பானும் ஒன்றாக வந்து இரண்டு நிமிடத்தில் கடந்துபோகும். இலங்கைச் சீகாரப் பூங்குருவி மட்டும் ஓடைக்கரை இருட்டில் தனித்துத் திரியும். விடியலிலும் அந்தியிலும் அதன் சீழ்க்கையைத்தான் முதலில் கேட்போம்.

இந்த உயிர்களில் பல வேறெங்கும் இல்லாதவை. பனியூழிகளில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. ஆழமில்லாத பாக்கு நீரிணை வறண்டு நிலமானது. யானையும் சிறுத்தையும் இந்தியாவிலிருந்து நடந்தே வரமுடிந்தது. ஆனால் தவளை, நண்டு, இறால் போன்றவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு 2004இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு, நிலப்பாலம் இருந்தும் இரு கரைகளின் உயிர்கள் பெரிதாகக் கலக்கவில்லை என்று காட்டியது. குளிர்ந்த ஈரக்காட்டில் வாழப் பழகியவற்றுக்கு நடுவிலிருந்த சூடான, வறண்ட சமவெளி கடலுக்குச் சமமான தடையாக இருந்திருக்கும். ஹோட்டன் சமவெளி தீவுக்குள் இருக்கும் இன்னொரு தீவு.

மரைகளும் காகங்களும்

வட்டப்பாதையில் அடுத்து வரும் பேக்கர் நீர்வீழ்ச்சிக்குப் பெயர் கொடுத்த சாமுவேல் பேக்கர் 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறியவர். வேட்டைநாய்களை ஏவி மரைகளைத் துரத்திக் கொன்றதையும் யானை சுட்டதையும் புத்தகமாகவே எழுதியவர். யானைகள் இந்த மேட்டில் இன்று இல்லை. மரைகள் பிழைத்துப் பெருகிவிட்டன. தமிழ்நாட்டில் கடமான் என்றும் மிளா என்றும் சொல்லும் அதே விலங்குதான். மற்றக் காடுகளில் தனியாகவோ இரண்டு மூன்றாகவோ பதுங்கித் திரியும் இது, இங்கே அந்தியில் பெரும் மந்தையாகப் புல்வெளிக்கு வருகிறது. திறந்தவெளியில் பல கண்கள் சேர்ந்து பார்ப்பது பாதுகாப்பு. காட்டோரத்தில் சிறுத்தை காத்திருக்கும். புலி இல்லாத தீவில் சிறுத்தைதான் உச்ச வேட்டையாடி.

வண்டி நிறுத்துமிடத்தருகே சில ஆண் மரைகள் மனிதர்களிடம் பிஸ்கட் வாங்கித் தின்னப் பழகிவிட்டன. படத்துக்கு அழகாக இருக்கும். அசைபோடும் விலங்கின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் புல்லைச் செரிக்கப் பழகியவை. மாவும் சர்க்கரையும் அவற்றின் சமநிலையைக் குலைக்கும். உறையோடு விழுங்கினால் பாலித்தீன் வயிற்றிலேயே தங்கிவிடும். சிந்திய உணவு காகங்களையும் மேலே இழுக்கிறது. எச்சில் சோறு தீர்ந்ததும் காகம் சும்மா இருப்பதில்லை. வெயில் காய வந்து மெதுவாக நகரும் ஓணான்களைக் கொத்துகிறது. மேட்டு ஓணான்களின் உடல் குளிருக்குத் தயாரானது. கூட்டமாக வரும் காகங்களை அது எதிர்பார்த்திருக்கவில்லை. நுழைவாயிலில் பையைச் சோதிப்பவரின் வேலைக்கும் ஓணானின் உயிருக்கும் தொடர்பு இருக்கிறது.

காய்ந்து நிற்கும் மரங்கள்

நீர்வீழ்ச்சியிலிருந்து திரும்பும் வழியிலும், தொட்டுபொல மலைப்பக்கமும் சாம்பல் நிறத்தில் இலையின்றி நிற்கும் மரக்கூட்டங்கள் கண்ணில் படும். 1970களின் இறுதியில் முதன்முதலில் பதிவான நோய் இது. நுனியிலிருந்து கிளைகள் காய்ந்துவந்து, முழு மரமும் பட்டுப்போகிறது. பூங்காவின் காட்டில் ஏறத்தாழக் கால் பங்கு இப்படிப் பாதிக்கப்பட்டதாகக் கணித்திருக்கிறார்கள். நாவல் குடும்பத்து மரங்கள் அதிகம் அடிபட்டன.

கொலையாளி ஒருவராக இருந்தால் இதற்குள் பிடிபட்டிருப்பார். பூஞ்சையைச் சந்தேகித்தார்கள். மண்ணின் அமிலத்தன்மையை அளந்தார்கள். காற்றோடு வந்து படியும் ஈயம் முதலான உலோகங்களைத் தேடினார்கள். வறட்சிக் கால நீர்ப்பற்றாக்குறையை ஆராய்ந்தார்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருப்பதாகத் தெரிகிறது. மேகத்தை வடிக்கும் இலை, மேகம் சுமந்துவரும் மாசையும் சேர்த்தே வடிக்கும் என்பதை மறந்துவிடக்கூடாது. மரம் பட்டதும் வெளிச்சம் தரைக்கு வருகிறது, ஈரம் காய்கிறது, பக்கத்து மரத்துக்கும் காற்றின் தாக்குதல் கூடுகிறது. முளைத்துவரும் கன்றுகளை மரைகள் கடித்துவிடுகின்றன. காடு தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் வேகத்தைவிடப் புண் பெருகும் வேகம் அதிகமாகிவிடுகிறது.

கணக்கைத் திருப்பிப் போட்டால்

இப்போது தொடக்கத்துக் கழித்தலைத் தலைகீழாகப் போடுவோம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்றால், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 150 மீட்டர். பூமி ஒரு டிகிரி சூடானால், தனக்குப் பழகிய அதே குளிரைத் தேடும் உயிர் 150 மீட்டர் மேலே குடிபெயரவேண்டும். 500 மீட்டரில் வாழும் உயிருக்கு 650 மீட்டர் இருக்கிறது. அதற்கு மேலும் இருக்கிறது. 2,100 மீட்டரில் வாழ்பவற்றுக்கு?

பூங்காவின் உச்சியான கிரிகல்பொத்தவின் உயரம் ஏறத்தாழ 2,390 மீட்டர். மிச்சம் 290 மீட்டர். டிகிரியில் சொன்னால் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஏற ஏற மலை கூம்பிக்கொண்டே போவதால் இடமும் சுருங்கும். நாட்டின் உச்சியான 2,524 மீட்டர் பிதுருதலாகலை நுவரெலியாவுக்கு அப்பால் நிற்கிறது. நடுவே சூடான பள்ளத்தாக்குகளும் ஊர்களும் தோட்டங்களும். குட்டை ஓணானோ புதர்த்தவளையோ அவற்றைக் கடந்து போகப்போவதில்லை. மேகம் உருவாகும் உயரமும் வெப்பத்தோடு சேர்ந்து மேலே நகரக்கூடும். அப்படி நகர்ந்தால் குளிரும் ஈரமும் ஒன்றாகவே கைவிடும்.

இது தோராயக் கணக்கு. நிஜக்காட்டில் நிழல் விழும் ஓடைக்கரையும் பாசி மூடிய மரத்தடியும் வெளியைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும். பல உயிர்கள் மலை ஏறுவதற்குப் பதிலாக அந்த மறைவிடங்களுக்குள் ஒதுங்கித் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் அந்த மறைவிடங்களை உண்டாக்குவது கூரை மூடிய காடு. நுனி காய்ந்து கூரை திறந்த இடத்தில் ஒதுங்க மூலை கிடையாது.

இரண்டு டிகிரி வெப்பத்தை 3,160 ஹெக்டேர் பூங்கா ஒன்றால் நிறுத்தமுடியாது. அந்த முடிவு வேறு நாடுகளின் மின்நிலையங்களிலும் சாலைகளிலும் இருக்கிறது. பூங்காவின் கையில் இருப்பவை வேறு. பட்டுப்போன காட்டில் உள்ளூர்க் கன்றுகளை நட்டு, மரை தின்னாதபடி வேலியிட்டு வளர்ப்பது. மார்ச் மாதத்துப் புல்தீயைத் தடுப்பது. கோர்ஸ் புதரை ஓணானின் இடம் பார்த்து, படிப்படியாகக் குறைப்பது. எச்சில் உணவு மேட்டில் சேராமல் பார்த்துக்கொள்வது. ஏற இடமில்லாத உயிருக்கு இருக்கிற இடத்திலாவது மற்றத் தொல்லைகளைக் குறைத்தால், வெப்பத்தைத் தாங்கும் தெம்பு கொஞ்சம் மிஞ்சும். 1873இல் வெறும் அடிக்கணக்கில் போட்ட ஒரு கோடு, இன்று நாம் நடக்கும் இந்தக் காட்டை மிச்சம் வைத்தது. இனி வரும் கோடுகளை டிகிரிக் கணக்கிலும் போடவேண்டியிருக்கும்.